எல்லாவற்றுக்கும் ஐந்து

1

இந்த அக்டோபரோடு நாங்கள் கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. நாங்கள் வந்து இறங்கிய தேதியன்று இரும்பாலையில் ஷிப்ட் முடித்து வரும் வழியில் என் கணவர் ஒரு கேக் வாங்கி வந்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று மகன் செந்தில் ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்குப் பத்து வயது. இவர் விஷயத்தைச் சொன்னார். "ஓ" என்றான். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். மிச்சக் கேக்கை நாங்கள் இருவரும் மூன்று நாள் தின்றோம்.

அதே வாரம் தென்காசியிலிருந்து சரஸ்வதியின் கடிதம் வந்தது. பால்வாடி ஆசிரியைப் பயிற்சியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள் அவள். இப்போது புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவர்களுக்காக மாதம் ஒரு சிறு பத்திரிகை அச்சடிக்கிறாளாம். "அங்கே தாய்மாரும் டீச்சர்மாரும் எப்படிச் சேர்ந்து பிள்ளையை வளர்க்கிறார்கள் என்று எழுது. எங்கள் பெண்களுக்குப் பயன்பட வேண்டும்" என்று கேட்டிருந்தாள்.

பயன்படும்படி எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஆளுக்கொரு சின்ன நாற்காலி, வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் கடிதம் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைப் படித்தபோது நான் எழுதியது போலவே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பயன்படுமா என்று தெரியாது.

2

எனக்கு முதல் வேலை அச்சன்புதூர் பால்வாடியில். தென்காசியிலிருந்து காலை பஸ்ஸில் போவேன். இருபத்தொரு வயது. நாற்பது பிள்ளைகள், ஒரு ஆயா, ஒரு கரும்பலகை, மதியத்துக்குக் கோதுமை ரவை. நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பேன். பாட்டு, கதை, அதட்டல், கொஞ்சல் எல்லாம் சேர்ந்து சாயங்காலம் தொண்டை கட்டிவிடும்.

மாதத்துக்கு ஒரு தடவை தாய்மார் கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. நடவு நடக்கும்போதும் களை எடுக்கும்போதும் யாரும் வர மாட்டார்கள். ஆயா கூட்டக் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் வரப்பிலேயே கைநாட்டு வாங்கி வருவாள். மேலிருந்து சோதனைக்கு வரும் அம்மா நோட்டில் கைநாட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "தாய்மார் ஒத்துழைப்பு: மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். நான் பெருமைப்படுவேன். அந்த வட்டாரத்தில் என் நோட்டில்தான் கைநாட்டு அதிகம்.

பேச்சியம்மாள் அந்த நோட்டில் ஒரு கைநாட்டு. கூலி வேலை. புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை "பேச்சி, நீ" என்பேன். அவள் என்னை "டீச்சர், நீங்க" என்பாள். அது இருவருக்கும் தவறாகத் தோன்றியதில்லை.

அவள் மகள் முப்பிடாதிக்கு நான்கு வயது. எல்லாப் பிள்ளைகளும் பாட்டுக்குக் கை தட்டும்போது அது பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு ஒரு தட்டுப் பிந்தித் தட்டும். கூப்பிட்டால் வராது. கரும்பலகைப் பக்கம் போகாதே என்று நூறு தடவை சொன்னாலும் போகும். இரண்டு தடவை பிரம்பால் அடித்திருக்கிறேன். லேசாகத்தான் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பிள்ளையை விட வந்த பேச்சி வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், புள்ள கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கா. காதுல சீழும் வடியுது. நீங்க ஒருக்க பாருங்களேன்."

அது சாரல் காலம். குற்றாலத்தில் சீசன் நடந்துகொண்டிருந்தது. பேச்சி அங்கே ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையையும் கூட்டிப் போவாள். அருவித் தண்ணீர் காதில் போயிருக்கும், துணியைத் திரித்துத் துடைத்துவிடு என்றேன். பிள்ளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, நீ செல்லம் கொடுக்கிறாய் என்றும் சொன்னேன். அவள் சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவை நான் ரவை அளந்துகொண்டிருந்தேன். இன்னொரு தடவை சோதனைக்கு வந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். முப்பிடாதி பெயருக்கு நேராக நான் எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை."

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையை விட்டேன். கனடா வந்தேன்.

3

செந்தில் இங்கே ஹாமில்டனில் பிறந்தவன். நான்கு வயது வரை அவனுக்கு வீடுதான் உலகம், தமிழ்தான் மொழி. நாற்பது பிள்ளைகளிடம் பேசிய பேச்சையெல்லாம் ஒருத்தனிடம் பேசினேன். அவனும் சளைக்க மாட்டான். சுவரோடு பேசுவான், செருப்போடு பேசுவான், குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் கத்தரிக்காயிடம் சௌக்கியம் விசாரிப்பான்.

தெருமுனையில் இருந்த பாலர் பள்ளியில் சேர்த்தோம். படிவம் நான்கு பக்கம். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். அலுவலகப் பெண் அதைப் படித்துவிட்டு, அது இந்தியின் ஒரு வகையா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. வாசலுக்கு உள்ளே தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. பெற்றோர் அதைத் தாண்டக் கூடாது.

அவன் ஆசிரியை மிஸஸ் வில்கின்ஸ். கோபமே வராத, நல்ல மனுஷி. இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். எனக்கு ஏதாவது 'கன்சர்ன்' இருக்கிறதா என்று கேட்டாள். தென்காசியில் எனக்குத் தெரிந்த கன்சர்ன் என்றால் கம்பெனி; கவலை என்றும் அதற்குப் பொருள் உண்டு என்று அப்போது தெரியாது. எனக்கு இல்லை, என் கணவர்தான் ஒரு கன்சர்னில் வேலை பார்க்கிறார் என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வளர்ச்சியில் பின்தங்கியிருக்கலாமாம். வீட்டில் நிறையப் பேசுகிறான் என்று சொன்னேன். கத்தரிக்காய் விஷயத்தையும் சொல்லப் பார்த்தேன். பாதியில் வார்த்தை கிடைக்கவில்லை. அவள் பரிவோடு தலையசைத்தபடி கையில் இருந்த தாளில் எழுதினாள். தலைகீழாகத் தெரிந்தாலும் அதை என்னால் படிக்க முடிந்தது. பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள்.

இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புகிறது, கொஞ்ச காலத்துக்கு வீட்டில் உங்கள் மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்றாள். இவர் உடனே சம்மதித்தார். படித்தவர்கள் சொல்லும்போது கேட்க வேண்டும் என்றார். அடுத்த நாள் காலையிலிருந்து ஆரம்பித்தோம்.

எனக்குப் படிக்க வரும் ஆங்கிலம் வேறு, பிள்ளையைக் கொஞ்ச வேண்டிய ஆங்கிலம் வேறு. முதல் வாரம் என் வாயிலிருந்து வந்ததை எண்ணிவிடலாம். ஈட். கம். ஷூஸ். நோ. குட் பாய். அவன் தமிழில் ஏதாவது கேட்டால் இங்கிலீஷ் என்று விரலைக் காட்டுவேன். சில நாள் அழுதான். பிறகு கேட்பதை நிறுத்தினான். வகுப்பில் பேச ஆரம்பித்தான். மிஸஸ் வில்கின்ஸ் என் கையைப் பிடித்து, நாம் சேர்ந்து சாதித்துவிட்டோம் என்றாள்.

4

அப்போதுதான் லிண்டா வந்தாள். ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். சின்னப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் உள்ள கூட்டுறவைப் பல நாட்டு மக்களிடையே அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறாளாம். ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். ஆசிரியை என்னை மதிக்கிறார், நான் சொல்வதைக் கேட்கிறார், பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பயன்படுத்துகிறார் என்பது போல வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். சற்றும் இல்லை என்றால் ஒன்று. முழுக்க உண்மை என்றால் ஐந்து.

மிஸஸ் வில்கின்ஸ் அதே அறையில் பிள்ளைகளின் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தாள். பெயர் எழுத வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று லிண்டா சொன்னாள். எங்கள் ஊரில் யாரும் பார்க்காத தாள் என்று ஒன்று கிடையாது. பிள்ளை மிஸஸ் வில்கின்ஸ் கையில் இருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன்.

நான் ஊரில் பால்வாடி ஆசிரியையாக இருந்தவள் என்று தெரிந்ததும் லிண்டாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேள்விகளைத் தமிழில் எழுதித் தர முடியுமா, ஊருக்குப் போகும்போது அங்குள்ள தாய்மாரிடம் கேட்டு வர முடியுமா என்று கேட்டாள். இந்த நாட்டில் என்னால் முடியும் என்று நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். கேட்கிறார் என்பதை 'நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு யார் நினைவும் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

5

அதற்கு அடுத்த கோடை விடுமுறையில் செந்திலைக் கூட்டிக்கொண்டு தென்காசி போனேன். ஊரில் அப்போது சாரல். அவனை என் தங்கை வீட்டில் அவள் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, கேள்வித்தாள் கட்டோடு அச்சன்புதூருக்குப் பஸ் ஏறினேன்.

பேச்சியின் வீட்டு வாசலில் ஒரு பெண் மடியில் பீடி இலை பரப்பிய சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது இருக்கும். பேச்சி இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டேன். நிமிரவில்லை. என் நிழல் சொளவின் மேல் விழுந்த பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் முப்பிடாதிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது; அவளுக்குக் காது கேட்கவில்லை என்பதும். அங்கேயே உட்கார்ந்தேன்.

பேச்சி வந்தாள். என்னைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டிலிருந்து கலர் சோடா வாங்கி வந்தாள். முப்பிடாதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாகவும், ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு வருடம் போட்டதாகவும், வாத்தியார் அடிக்கிறார் என்று அவளே நின்றுவிட்டதாகவும் சொன்னாள். பேச்சும் தெளிவாக வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரியும் நாலைந்து வார்த்தைதான். இப்போது பீடி சுற்றுவதில் கெட்டிக்காரி என்றாள்.

அடுத்த நாளே இருவரையும் திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். நிறைய நேரம் விளக்கடித்துப் பார்த்தார். மணி அடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு பக்கமும் சீழ் தின்றுவிட்டது, உள் நரம்பும் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நான்கு வயதில் சீழ் வடிந்தபோதே யாராவது கொண்டுவந்திருந்தால் மருந்திலேயே காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்த வயதில் பிள்ளை எங்கே இருந்தது, பார்த்துக்கொண்டவர்கள் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நீங்கள் இவர்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார். தெரிந்தவள் என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் முப்பிடாதிக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு பேச்சி கேட்டாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு டீச்சர்?"

இனிச் சரிப்படுத்த முடியாதாம் என்றேன். முந்திக் கூட்டி வந்திருக்க வேண்டுமாம் என்று மெதுவாகச் சேர்த்தேன். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது வாயில் இருந்தது. அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நாந்தான் கூட்டிட்டு வந்துருக்கணும். எந் தப்புதான் டீச்சர். துணியத் திரிச்சுத் தொடச்சாப் போதும்னு இருந்துட்டேன்."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்த வார்த்தை யாருடையது என்பதையே அவள் மறந்திருந்தாள். நான் ஞாபகப்படுத்தவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

6

கேள்வித்தாள் கட்டில் இருந்த மற்றத் தாள்களையெல்லாம் முடித்துவிட்டு, கனடாவுக்குக் கிளம்பும் முன் கடைசியாகத்தான் பேச்சியிடம் போனேன். அதற்குள் பத்துப் பன்னிரண்டு தாய்மாரிடம் கேட்டிருந்தேன். எல்லாரும் ஐந்துதான். ஒருத்தி மட்டும் ஒரு கேள்விக்கு மூன்று என்றாள். விசாரித்தால் தனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறாள்.

பேச்சிக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை விளக்கினேன். பால்வாடியில் முப்பிடாதி இருந்த காலத்தை நினைத்து, என்னைப் பற்றியே பதில் சொல்லலாம், உண்மையைச் சொல் என்றேன்.

"எதுக்கு ஒண்ணு ரெண்டுன்னுட்டு. எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுருங்க" என்றாள். அப்படிப் போடக் கூடாது, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் என்றேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"இத எங்கன கொண்டு போயிக் காட்டுவிய? உங்க வேலைக்கு ஒண்ணும் கொற வந்துராதே?"

எனக்கு அந்த வேலையே இல்லை, போய் எட்டு வருடமாகிறது என்றேன். சமாதானமானாள். ஒவ்வொன்றாக வாசித்தேன். மதித்தாரா, ஐந்து. பிள்ளை மேல் அக்கறை இருந்ததா, ஐந்து. "பொங்கிப் போட்டிய, தூங்க வச்சிய, நான் நிம்மதியா வேலைக்குப் போனேன். அதுக்கு மேல ஒரு டீச்சர் என்ன செய்யணும்" என்று நடுவில் சொன்னாள்.

அந்தக் கேள்வி வந்தது. நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். வாசித்துவிட்டு நிறுத்தினேன். பேச்சி தன் மகளைப் பார்த்தாள். முப்பிடாதி இலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவ நீ எங்கிட்ட சொன்ன பேச்சி. நான் கேட்டனா?" என்றேன்.

அவள் முப்பிடாதி வெட்டிப் போட்ட இலைத் துணுக்குகளைக் கையால் கூட்டினாள்.

"நீங்க படிச்சவிய. எனக்குத்தான் தப்பாத் தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அஞ்சே போடுங்க."

இதுவரை எத்தனையோ தடவை அந்தப் பதிலை நினைத்துப் பார்த்துவிட்டேன். மரியாதைக்குச் சொன்னாளா, பயந்து சொன்னாளா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் தாளில் விழுவது ஒரே எண்தான். நான் ஐந்தின் மேல் கோடு போட்டேன். என் கையால்தான் போட்டேன். மை ஒட்டாமல் இருக்க ஊதினேன்.

கைநாட்டு எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். இதில் கைநாட்டு வேண்டாம் என்றேன். அது அவளுக்கு நம்பிக்கையாகப் படவில்லை. கட்டை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

7

தென்காசித் தாள்களைப் பார்த்த லிண்டா, தான் கேட்ட எல்லா இடங்களிலும் அங்கேதான் கூட்டுறவு மிகச் சிறப்பாக இருக்கிறது என்றாள். அதற்குக் காரணம் கூட்டுக் குடும்பமா, மதமா என்று கேட்டாள்.

அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பிடாதி, டாக்டர், கைநாட்டு, என் பிரம்பு எல்லாம். என் ஆங்கிலத்தில் அது முக்கால் மணி நேரம் எடுத்தது. அவள் குறுக்கே பேசவில்லை. இதற்காக அவளை இன்றும் மதிக்கிறேன். முடிவில் என் சொந்தத் தாளும் பொய்தான் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தாளில் இருப்பதை மாற்ற அவளுக்கு அனுமதி இல்லையாம். கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்க்கலாம், இந்தப் பண்பாட்டுத் தாய்மார் பணிவாகப் பதில் சொல்லும் வழக்கமுள்ளவர்கள் என்று. வேண்டுமானால் நான் என்னுடையதை மட்டும் புதிதாக நிரப்பித் தரலாம் என்று ஒரு வெற்றுத் தாளை நீட்டினாள். வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு நாள் வைத்திருந்தேன். மிஸஸ் வில்கின்ஸுக்கு ஒன்று போடலாமா? கெட்டவள் இல்லையே. பேச்சியிடம் நான் செய்ததைத்தானே அவளும் என்னிடம் செய்தாள், அதுவும் பிரம்பு இல்லாமல். திருப்பிக் கொடுக்கவில்லை. லிண்டாவும் கேட்கவில்லை.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். முப்பிடாதியைச் செவிடான பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்க்க முடியுமா என்று சரஸ்வதியிடம் கேட்டேன். விசாரித்து எழுதினாள். வயது தாண்டிவிட்டதாம்.

8

கொஞ்ச காலத்துக்கு என்று மிஸஸ் வில்கின்ஸ் சொன்ன காலம் முடியவே இல்லை. ஒரு தடவை நானே முடித்துப் பார்த்தேன். செந்திலுக்கு எட்டு வயது இருக்கும்போது சாப்பாட்டு மேஜையில் தமிழில் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், அம்மா, அதில் எனக்கு இரண்டு வார்த்தை தெரிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னான் என நினைக்கிறேன்.

போன மாதம் அவன் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. இப்போது வேறு ஆசிரியை, இளம் பெண், பெயர் மிஸ் கார்ட்டர். கணக்கில் கெட்டிக்காரன், நண்பர்கள் நிறைய, குறை ஒன்றுமில்லை என்றாள். குடும்பத்தைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுதியிருப்பதாகவும், மிக நன்றாக வந்திருப்பதாகவும் சொல்லி நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

அப்பாவைப் பற்றி முழுப் பக்கம். இரும்பாலை, பழைய கார், பனியில் அது நின்றுபோன கதை. என்னைப் பற்றிக் கடைசியில் மூன்று வரி இருந்தது. என் அம்மா நன்றாகச் சமைப்பாள். என் அம்மா அன்பானவள். என் அம்மா அதிகம் பேச மாட்டாள், அவளுக்குப் பேசப் பிடிக்காது.

மிஸ் கார்ட்டர் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பற்றி நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா, எதுவானாலும் தயங்காமல் சொல்லலாம், அதற்காகத்தான் இந்த நேரம் என்றாள். வெளியே அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள். நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றி என்றேன்.